பெல்ட்டில் வந்த பார்சல்

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் நலம்தானே? உன் அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? சிரிக்காமல் படி, சிரித்தாலும் பிள்ளைகளிடம் சொல்லாதே: நேற்று உன் புருஷன் அட்டைப்பெட்டிகளோடு பெட்டியாக, எங்கள் கம்பெனியில் பெட்டிகளை நகர்த்தும் பெல்ட்டில் போனான்.

கரண்ட் போய் பெல்ட் நின்றது. அறுந்த ஷூ நாடாவை முடிச்சுப் போட அதன்மேல் உட்கார்ந்தேன். கரண்ட் வந்தாலும் யாராவது பொத்தானை அழுத்தினால்தானே ஓடும் என்ற தைரியம். ஆனால் பெல்ட்டை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலரில் கரண்ட் போனாலும் அழியாத ஞாபகம் கொஞ்சம் உண்டாம். 'ஓடிக்கொண்டிருந்தேன்' என்பதை அது மறக்கவில்லை. அதோடு கேபிள் வழியாகப் பேசும் பேக்கிங் பகுதி கன்ட்ரோலரும் 'நான் தயார், அனுப்பு' என்றது. கரண்ட் வந்ததும் அனுப்பிவிட்டது, என்னை!

அடி ஒன்றும் இல்லை. நான் சேர்ந்த நாளிலிருந்தே என்னை முறைக்கும் பேக்கிங்காரன், "என்னய்யா, ஸ்டிக்கர் ஒட்டட்டுமா?" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். அதற்குள் சூப்பர்வைசர் வந்து எல்லார் முன்னாலும் கத்தினார்.

"மிஷினுக்கு இருக்கிற ஞாபகம்கூட உன் மண்டையில இல்லையா? இன்னொரு தடவை இப்படிப் பண்ணினா உன்னை வீட்டுக்கே பார்சல் பண்ணிடுவேன்!"

என் தம்பி வயதுகூட இராது அந்த ஆளுக்கு. அறைய வேண்டும்போல் கை துறுதுறுத்தது. "மன்னிச்சிடுங்க சார்" என்றேன்.

ஷூ நாடா ஒரு ஜோடி அனுப்பு. இங்கேயும் கிடைக்கும், இருந்தாலும் நீ வாங்கி அனுப்பு. ஷிஃப்டுக்கு மணி அடிக்கிறது, முடிக்கிறேன்.

சூப்பர்வைசரிடம் வாய்விட்டுச் சொல்லாதது ஒன்றுதான்: "பண்ணிடுங்க சார். விலாசம் எனக்கு மறக்கல."