பதினேழாம் எண் வீட்டு அடுப்பு

மார்ச் 3, செவ்வாய்

ஐம்பத்திரண்டாவது பெட்டியையும் இன்று பூட்டி முடித்தோம். நகக்கண்ணில் ஏறிய கிரீஸ் இன்னும் போகவில்லை. மூத்தோர் குடியிருப்பு. மூன்று மாடி, ஆளுக்கு ஓர் அறை, ஒரு குட்டிச் சமையலறை. ஒவ்வொரு அடுப்பின் குமிழிலும் நம்முடைய பெட்டி உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நிமிடம் என்று முறுக்கிவிட்டால் போதும். நேரம் முடிந்ததும் மணி அடித்து, ஸ்பிரிங் தானாகக் குமிழைத் திருப்பி மூடிவிடும்.

மேலாளர் அம்மா சொன்னார்: "ஒரு மாசம் பாப்போம். சரியா இருந்தா எங்களோட மத்த ஏழு கட்டடத்துக்கும் நீங்கதான்." என் மனைவியின் தம்பி, லேத் பட்டறைக்காரன், இந்தத் தொழிலில் என் கூட்டாளி, பஸ்ஸில் வரும் வழியெல்லாம் "ஏழு கட்டடம் மாமா, ஏழு!" என்று தொடையைத் தட்டிக்கொண்டே வந்தான்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நல்லது நடந்தால் அடுத்து என்ன கெடும் என்று பார்க்கிற பிறவி நான்.

அடுப்பு கம்பெனியில் இருபத்தோரு வருடம் சர்வீஸ் வேலை. வருடத்துக்கு நாலைந்து தடவையாவது ஒரு மகனோ மகளோ கூப்பிடுவார்கள். "அம்மாவுக்கு மறதி. அடுப்பைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க." கழற்றிக்கொண்டு வருவேன். வேறு என்ன செய்ய? அதன்பிறகு அந்த அம்மாக்கள் வெளியிலிருந்து வரும் டப்பா சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள். இனி யாருடைய அடுப்பையும் பிடுங்க வேண்டாம் என்றுதான் வேலையை விட்டேன். இந்தப் பெட்டி ஒன்றுக்காக.

மார்ச் 6, வெள்ளி

நம் வீட்டுப் பெட்டிக்கு இன்றோடு ஏழு மாதம். நோட்டில் ஒவ்வொரு நாளும் 'பழுது இல்லை'. மனைவி அதற்குக் காவக்காரன் என்று பெயர் வைத்திருக்கிறாள். "உங்களை மாதிரி இல்ல, சொன்ன நேரத்துக்கு வேலை நடக்குது" என்றாள். என்ன வாயோ!

மார்ச் 11, புதன்

குடியிருப்பில் எல்லோரிடமும் கருத்துத் தாள் வாங்கினேன். ஐம்பத்திரண்டிலும் 'நன்று'. ஒருவர் 'மிக நன்று' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

பதினேழாம் எண் வீட்டில் ஒரு தையல் டீச்சர். எண்பதை ஒட்டிய வயது. "யாரு?" என்றார், சொன்னேன். டீ போட்டபடியே மறுபடியும் "யாரு?" என்றார். "அடுப்புக்காரர்மா." "ஓ, அடுப்புத் தம்பியா, உக்காருங்க." டீயில் இரண்டு தடவை சர்க்கரை போட்டார். பாகாகக் குடித்தேன். கிளம்பும்போது, அவரைப் பார்க்க வந்திருந்த மகள் வாசலில் நிறுத்தி, "போன மாசமே இந்த அடுப்பைத் தூக்கிடலாம்னு இருந்தேன். உங்க பெட்டியாலதான் விட்டு வெச்சிருக்கேன்" என்றாள்.

ஒரு சாண் உயரம் கூடின மாதிரி நடந்து வந்தேன். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

மார்ச் 19, வியாழன்

மச்சான் பட்டறை வாசலில் பலகை மாட்டிவிட்டான்: 'ஏழு மாதம், ஒரு பழுது இல்லை.' நீலத்தில் எழுத வேண்டும் என்றேன், சிவப்பில் எழுதியிருக்கிறான். அதற்கு ஒரு மணி நேரச் சண்டை. இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை.

மார்ச் 28, சனி

காலை பத்து மணிக்கு மேலாளர் அம்மாவின் போன். பதினேழாம் எண்ணில் கேஸ் வாடை. பக்கத்து வீட்டுக்காரர் மாற்றுச் சாவி வாங்கித் திறந்திருக்கிறார். டீச்சர் சமையலறைத் தரையில். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது என்று சொன்னார்கள்.

கடவுளே, என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்.

மார்ச் 29, ஞாயிறு

அந்த வீட்டுப் பெட்டியைக் கழற்றி பட்டறைக்குக் கொண்டு வந்தேன். இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு தடவை குமிழ் முழுக்க மூடவில்லை, நூலளவு முன்னாலேயே நின்றுவிட்டது. சுடர் அணைந்துவிடும், கேஸ் மட்டும் கசிந்துகொண்டே இருக்கும். சமையல் ஆவியிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் ஸ்பிரிங் தளர்ந்து போகிறது. அப்படியென்றால் நம் வீட்டில் ஏழு மாதம் எப்படி ஓடியது?

வீட்டுக்கு வந்து சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. குமிழ் திரும்பியது. அவள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையை நீட்டி, விரல் முட்டியால் பெட்டியை ஒரு தட்டு தட்டினாள்.

"என்ன பண்ணின?"

"என்ன பண்ணினேன்?"

"இப்ப தட்டினியே."

"ஆமா. தட்டினாத்தானே முழுசா அடங்கும்?"

"எத்தனை நாளா இப்படி?"

"இருக்கும், அஞ்சு மாசமா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" கத்திவிட்டேன். பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

கத்தியைக் கீழே வைத்தாள். "சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். 'முறுக்கத் தெரியாம முறுக்கிட்டு என் பொருளைக் குத்தம் சொல்றியா'ன்னு மூணு நாள் பேசாம இருந்தீங்க. அப்புறம் எதுக்குங்க சொல்லணும்? ஒரு தட்டுதானே, நானே தட்டிக்கிட்டேன்."

நினைவு இருக்கிறது. அந்த மூன்று நாளும் நினைவு இருக்கிறது. அந்த நாட்களிலும் நோட்டில் 'பழுது இல்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன். பழுது வேறு எங்கே இருந்தது?

மார்ச் 30, திங்கள்

டீச்சர் கண் விழித்துவிட்டார். பார்க்கப் போனேன். மகள் உள்ளே விடவில்லை. நியாயம்தான்.

ஏப்ரல் 2, வியாழன்

ஐம்பத்திரண்டு பெட்டியையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். நான் ஒருவனாகவே கழற்றினேன். மச்சான் வரவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன். மூன்றாம் எண் பெரியவர்: "ஒரு தட்டு தட்டினா அடங்கிடும்பா, அதுக்கென்ன இப்போ?" ஒன்பதாம் எண்ணில் ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். இருபத்திரண்டில் பெட்டியை நம்பாமல் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார்களாம். மொத்தம் முப்பத்தோரு வீடுகளில் கோளாறு தெரிந்திருக்கிறது. அத்தனை பேரும் தாளில் 'நன்று' எழுதியவர்கள். ஏன் சொல்லவில்லை என்றால், "நீங்க அவ்வளவு ஆசையா காட்டினீங்க. முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது?"

தட்ட ஞாபகம் இருப்பவர்களுக்கு என் பெட்டியே தேவையில்லை. அடுப்பை அணைக்கவும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தேவைப்பட்டது பதினேழாம் எண்ணுக்கு மட்டும்தான். அவருக்குத் தட்ட ஞாபகம் வரவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறது. பெரிய கண்டுபிடிப்பாளன்! தூ!

இரண்டு சாக்கு மூட்டையாகக் கட்டி பட்டறையில் போட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மச்சான் பலகையைக் கழற்றிவிட்டான். பழைய லேத் வேலைக்கே திரும்புகிறேன் என்றான். நாலு வார்த்தை திட்டுவான் என்று காத்திருந்தேன். "உடம்பைப் பாத்துக்கங்க மாமா" என்று மட்டும் சொன்னான். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

இரண்டாவது ஸ்பிரிங் ஒன்று போட்டால் சரியாகிறது. இவ்வளவுதான் விஷயம். ஆவியில் வைத்து, எண்ணெய் பூசி, முந்நூறு தடவை ஓட்டினேன். முந்நூறு தடவையும் முழுக்க மூடியது. மனைவியைத் தொடவே விடவில்லை. அவளும் சமையலறை வாசற்படியிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், குற்றவாளி மாதிரி. "நீ ஒண்ணும் தப்புப் பண்ணல" என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஏப்ரல் 22, புதன்

புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேலாளர் அம்மாவிடம் போனேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். "உங்க மேல எனக்குக் கோபம் இல்லைங்க. ஆனா அடுத்தது நடந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது? போன தடவையும் ஏழு மாசம்னுதானே சொன்னீங்க?"

பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வேறு இரண்டு இடத்திலும் கேட்டுப் பார்த்தேன். அங்கேயும் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மே 4, திங்கள்

பழைய கம்பெனியில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்கள். புது ஆள் கணக்கில். அதே சட்டை, அதே பை, கழுத்தில் மட்டும் புது அட்டை. மதியம் டீ குடிக்கும்போது ஒருவன், "என்ன விஞ்ஞானி, திரும்பி வந்துட்டீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டில் காவக்காரன் இல்லை. அடுப்பு மொட்டையாக இருக்கிறது. மணி அடிக்காததால் நேற்று பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேருமாகத் துடைத்துவிட்டோம்.

மே 15, வெள்ளி

காலையில் வந்த வேலைச் சீட்டில் மூன்றாவது முகவரி மூத்தோர் குடியிருப்பு, எண் 17. வேலை: 'அடுப்பை அகற்றுதல்'. கோரியவர்: மகள்.

வேறு ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். ஆள் இல்லை.

மகள் வந்திருக்கவில்லை. டீச்சர்தான் கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் பாதியாக இளைத்திருக்கிறார். அட்டையைக் காட்டினேன். "ஓ, அடுப்புத் தம்பியா, உக்காருங்க, டீ போடறேன்" என்று சமையலறைப் பக்கம் திரும்பினார். நான் அங்கேயே நின்றேன். டீ போட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அந்த அடுப்பில் கடைசி டீ. இந்தத் தடவை சர்க்கரையே இல்லை.

குடித்துவிட்டு டியூபைக் கழற்றினேன். பக்கத்திலேயே நின்று பார்த்தார். கோபமோ சந்தேகமோ எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை, 'நீதானே என்னைக் கொல்லப் பார்த்தே' என்று கேட்டிருந்தால் அங்கேயே காலில் விழுந்திருப்பேன்.

"ரிப்பேரா தம்பி?"

"ஆமாம்மா."

"எப்பக் கொண்டு வருவீங்க?"

"நாளைக்கு."

"காலையிலேயே கொண்டாந்துடுங்க. டீ இல்லாம எனக்குப் பொழுது விடியாது."

"சரிம்மா."

அடுப்பைத் தூக்கினேன். இரண்டு கையும் அகப்பட்டுக்கொண்டது, கதவைத் திறக்க முடியவில்லை. அவர் ஓடி வந்து, ஓடி என்றால் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"பாத்துப் போங்க தம்பி. கனமா இருக்கும்."

இரண்டு பர்னர் அடுப்புதான், அவ்வளவு கனமில்லை என்றேன்.