‘வீடு வந்துவிட்டது’ என்கிறாள்

2009 ஆகஸ்ட் 11, செவ்வாய்

பள்ளிக்கூடத்தால் வந்தால் மேசையில் தர்மிளாவின் பொதி. டொரொண்டோவிலிருந்து வந்த யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு ஸ்வெட்டர், இவருக்கு ஒரு ஸ்வெட்டர், சொக்லேட், அதோடு உள்ளங்கை அகலத்தில் கண்ணாடி பதித்த ஒரு கறுப்புப் பெட்டி. மகள் கடிதமும் வைத்திருந்தாள்: “அம்மா, இது ஜி.பி.எஸ். செய்மதியைப் பார்த்து வழி சொல்லும். காரின் முன்கண்ணாடியில் ஒட்டுங்கோ. யதுர்ஷன் இலங்கை வரைபடத்தை உள்ளுக்குப் போட்டுத் தந்திருக்கிறார். இனி உங்களுக்கும் அப்பாவுக்கும் காருக்குள் சண்டை வராது.”

சண்டை என்று இவளுக்கு யார் சொன்னது? மருமகனுக்கும் தெரிந்துவிட்டதா?

சரி, சண்டைதான். சீனி வியாதி கண்ணுக்கு ஏறிவிட்டது, இனிக் கார் ஓட்டக்கூடாது என்று பெப்ரவரியில் டாக்டர் இவருக்குச் சொல்லிவிட்டார். நான் ஐம்பத்தாறு வயதில் இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் லைசென்ஸ் எடுத்தேன். அன்று முதல் காரை ஓட்டுவது நான். என்னை ஓட்டுவது இவர்.

பெட்டியை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். “முப்பத்தொரு வருஷம் பி.எச்.ஐ. எண்டு சுகாதாரப் பரிசோதகர் வேலையில இந்த ஊவா மாகாணம் முழுக்க மோட்டார் சைக்கிளில திரிஞ்சனான். ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு கக்கூசும் எனக்குத் தெரியும். எனக்கு வழி சொல்ல ஆகாயத்தில ஆள் வேணுமோ?”

சொக்லேட்டை ஒளித்து வைத்தேன்.

ஆகஸ்ட் 15, சனி

பெட்டியை இயக்கினோம். செய்மதியைத் தேடுகிறேன் என்று இருபது நிமிடம் அப்படியே நின்றது. பலாமரம் மறைக்கிறது என்றார் இவர். முற்றத்துக்குப் போனேன், மலை மறைத்தது. அறுபத்திரண்டு படியும் இறங்கி ரோட்டுக்குப் போனேன், அங்கும் இல்லை. கையில் ஏந்திக்கொண்டு கீழ் வளைவு வரை நடந்தபின்தான் பிடித்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரி இங்கிலிஷில் பேசினாள். அந்தச் சந்தோஷத்தில் ‘வீடு’ என்ற பொத்தானை அங்கேயே அழுத்தி, வந்த வேலை முடிந்தது என்று திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

எங்கள் பதுளையை அவள் ‘படூலா’ என்கிறாள். இவர் ஒவ்வொரு தரமும் திருத்துகிறார்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

எல்லவுக்குப் போனோம். ஹாலிஎலைக்குக் கிட்டச் சோதனைச் சாவடி. சிப்பாய் ஒருவர் குனிந்து அடையாள அட்டையைக் கேட்கிறார். அந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரி, “முடிந்தால் திரும்பிப் போகவும்” என்று உரத்துச் சொல்கிறாள்!

அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். யுத்தம் முடிந்து மூன்று மாதம்தான். காருக்குள் செய்மதியோடு பேசும் பெட்டி. இதை எப்படி விளங்கப்படுத்துவது? எனக்குத் தெரிந்த சிங்களம் மரக்கறிக் கடையோடு சரி.

சிப்பாய் பெட்டியைக் காட்டி யார் பேசுவது என்று கேட்டார். இவர் ஆறுதலாகச் சிங்களத்தில் சொன்னார்: “தம்பி, மனுசி என் சொல் கேட்காதபடியால் கனடாவிலிருந்து மகள் இரண்டாவது ஒருத்தியை அனுப்பியிருக்கிறாள். இவளும் என்னைத் திரும்பிப் போகத்தான் சொல்கிறாள்.” சிப்பாய் சிரித்துவிட்டு மற்றவரையும் கூப்பிட்டார். இருவருக்குமாக அவளை இரண்டு தரம் பேசவைத்துக் காட்டிய பிறகே தடையைத் தூக்கினார்கள்.

தெமோதரை வரை இவர் முகத்தில் ஒரே பெருமை. அதன் பிறகு அவளோடு சண்டை தொடங்கினார்.

செப்டெம்பர் 2, புதன்

அவள் இடம் என்கிறாள், இவர் வலம் என்கிறார். நான் நடு ரோட்டில் நிறுத்தினேன். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். “ஒரு ஆள் கதையுங்கோ!” என்று கத்தினேன். இவர் கதவைத் திறந்து இறங்கி, பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

“அவளை முன்னுக்கு வைச்சிருக்கிறீர். அப்ப நான் பின்னுக்கு இருக்கிறன்.”

செப்டெம்பர் 14, திங்கள்

இன்னும் பின்சீட். நான் இவருக்குச் சாரதி வேலை பார்ப்பதாக ஸ்டாஃப் ரூமில் பகிடி பண்ணுகிறார்கள்.

ஒக்டோபர் 11, ஞாயிறு

இதை எழுதாமல் படுக்க முடியாது.

மொனராகலையில் அலவியின் மகளுக்குக் கலியாணம். அலவி இவரோடு இருபது வருடம் ஒரே சுகாதாரக் கந்தோரில் வேலை செய்தவர். அவருடைய மனைவி உம்மு குல்தூம் நேற்றும் போன் எடுத்து, “நிக்காஹ் பதினொரு மணிக்கு டீச்சர், பிந்திட வேணாம்” என்று சொன்னா. ஏழு மணிக்கே வெளிக்கிட்டோம். கலியாணத்துக்கு என்றபடியால் இவர் முன்சீட்டுக்கு வந்திருந்தார்.

பசறை தாண்டி ஒரு சந்தி. நேரே போகச் சொன்னாள் அவள். “இடப்பக்கம் திருப்பும், அரை மணித்தியாலம் மிச்சம்” என்றார் இவர். ஆறு வாரம் பின்சீட்டில் இருந்த மனிசன், பாவம், ஒரு தரமாவது வெல்லட்டும் என்று நினைத்தேன். சந்தியில் பெரிய பலகை ஒன்று நின்றது. சிங்கள எழுத்து எனக்கு ஓடாது.

“என்னப்பா எழுதிக் கிடக்கு?”

“ஒண்டுமில்லை. உர விளம்பரம். நீர் திருப்பும்.”

திருப்பினேன். தேயிலை முடிந்து றப்பர் வந்தது. றப்பரும் முடிந்தது. அவள் வழி முழுக்கத் திரும்பு திரும்பு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஏழு மைலுக்குப் பிறகு ரோட்டும் முடிந்தது. முன்னால் ஆறு. ஆற்றுக்கு நடுவில் ஒரு தூண் மட்டும் நிற்கிறது. பாலம் இல்லை.

எனக்குக் காரைப் பின்னுக்கு எடுக்க வராது. றப்பர் மரத்தில் பால் வெட்ட வந்த ஒருவர் முன்னால் நின்று கையைக் காட்டிக் காட்டி, “ஒடிங்க, ஒடிங்கம்மா, ஐயோ அந்தப் பக்கம் இல்லீங்க” என்று தொண்டை கிழியக் கத்தி அரை மைல் பின்னோக்கிக் கொண்டுவந்து விட்டார். காரின் ஒரு பக்கம் முழுக்கக் கீறல். மொனராகலைக்குப் போனபோது மூன்று மணி. மாப்பிள்ளையும் பெண்ணும் போய்விட்டார்கள். கதிரைகளை அடுக்குகிறார்கள். “யா அல்லாஹ், வட்டிலப்பம் மட்டும்தானே மிச்சம்” என்று உம்மு குல்தூம் அழாக்குறையாக நின்றா. இவர் அந்த இனிப்பில் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

திரும்பும்போது அந்தச் சந்தியைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தேன். இவர் சொன்னார்:

“குணம், அது உர விளம்பரம் இல்லை. பாலம் உடைஞ்சு ரெண்டு வருஷமாம். பாதை மூடியிருக்கு எண்டு போட்டிருக்காம். அலவி சொன்னவர்.”

“அப்ப ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“எனக்கு எழுத்துத் தெரியேல்லை. வெள்ளையா ஒரு சதுரம் தெரிஞ்சது, அவ்வளவுதான். கன நாளா இப்பிடித்தான்.”

கன நாளா! எத்தினை நாளா? இடம் வலம் எண்டதெல்லாம் பாத்துச் சொல்லேல்லை, நினைவில வைச்சுச் சொன்னவர். பேப்பரை விரிச்சுக்கொண்டு இருக்கிறதும் நடிப்புத்தானே? ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் ஆர் இவருக்கு?

ஒக்டோபர் 12, திங்கள்

பெட்டியைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

ஒக்டோபர் 14, புதன்

கார் ஏறியதும் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். “எங்கை அவள்?”

“அவள் வேண்டாம். நீங்கள் சொல்லுங்கோ, நான் போறன்.”

“எனக்காகக் கழட்டினீரோ? கண் தெரியாட்டி நான் குழந்தைப் பிள்ளையே, விட்டுக் குடுத்து விளையாட?”

பள்ளிக்கூடம் வரை யாரும் வழி சொல்லாமல் நானே போய்ச் சேர்ந்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

ஒக்டோபர் 30, வெள்ளி

கண் கிளினிக். லேசர் பிடித்தால் இருக்கிற பார்வை இருக்கும், போனது வராதாம். இவர் டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்வி: “தனிய நடக்கலாமோ?” டாக்டர் என்னைப் பார்த்தார். அதுதான் இவருக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 8, ஞாயிறு

கோயிலுக்கு, சந்தைக்கு, முடிவெட்ட, எல்லாவற்றுக்கும் நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன். இன்று சலூனில், “பொதி வந்திருக்கு, கையெழுத்து வைச்சு எடும்” என்றார் முடிவெட்டுகிறவரிடம். கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 17, செவ்வாய்

மாலை வகுப்பு முடிந்து வந்தேன். இவருடைய செருப்பில் சேறு. கேட்டால், “முற்றத்தில நடந்தனான்.” எங்கள் முற்றம் சீமெந்து.

நவம்பர் 24, செவ்வாய்

பக்கத்து வீட்டு நல்லம்மா வேலிக்கு வந்து குரலைத் தாழ்த்தினா.

“டீச்சர், சொன்னா கோவிச்சிக்காதீங்க. நம்ம ஐயா ஒரு வாரமா சாயந்திரம் அஞ்சரைக்கு தவறணை வாசல்ல நிக்கிறாருங்க. எங்க வீட்டுக்காரரு பாத்திருக்காரு.”

“உங்கட வீட்டுக்காரர் அங்க ஏன் போனவர்?”

“அவரு எப்பவுமே போவாருங்களே!”

தவறணை! முப்பத்தொரு வருஷம் சாராயக் கடையளுக்குச் சுத்தமில்லை எண்டு வழக்குப் போட்ட மனிசன். சீனி இருக்கு, கண் இல்லை, இப்ப இதுவுமோ? தர்மிளாவுக்கு நான் என்ன சொல்லுவன்?

நவம்பர் 25, புதன்

மாலை வகுப்பை நிறுத்திவிட்டு, கீழ் வளைவில் தவறணைக்கு எதிரே மொஹிதீன் கடைக்குள் குடையோடு போய் நின்றேன். மொஹிதீன் ஒன்றும் கேட்காமல் ஸ்டூல் போட்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

சரியாக ஐந்து இருபத்தைந்துக்கு வந்தார். தனியாக. ஒரு கையில் குடை, அதைத் தரையில் தட்டித் தட்டி. நெஞ்சுப் பையிலிருந்து ஒரு சத்தம் வந்தது: இருநூறு மீற்றரில் இடப்பக்கம்!

அலுமாரிக்குள் இருந்தவள்!

தவறணை வாசலில் வந்து நின்றார். “வீடு வந்துவிட்டது” என்றாள் அவள் இங்கிலிஷில். உள்ளேயிருந்து ஒருவர் கிளாசோடு எட்டிப் பார்த்தார். நல்லம்மாவின் வீட்டுக்காரர் இராசையா.

“ஐயா, இன்னைக்கும் தப்பாத்தான் சொல்றா. வீடு இது இல்லீங்க. நேரா போங்க, எரநூறு அடி, படி வரும்.”

“தெரியும் தம்பி. இவளுக்குத்தான் தெரியேல்லை.”

“புடிச்சிக் கொண்டாந்து விடவா?”

“வேண்டாம். நீர் விழுந்தால் நான்தான் உம்மைத் தூக்க வேணும்.”

சிரிப்பு. இவரும் சிரித்தார். மேலே நடந்தார். படிகளை உரத்து எண்ணுவது எனக்குக் கேட்டது. அறுபத்திரண்டு வரை நானும் கூடவே எண்ணினேன்.

மொஹிதீன்தான் மிச்சத்தைச் சொன்னார். இவர் தினமும் நாலு மணிக்குப் போய் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து, அங்கிருந்து ‘வீடு’ என்ற பொத்தானை அழுத்திக்கொண்டு திரும்பி வருகிறாராம். “தவறண மனேஜருக்குப் பயம் டீச்சர். கந்தோர் அனுப்பித்தான் பழைய பி.எச்.ஐ. வந்து நிக்கிறார் எண்டு நெனச்சி, ஒரு வாரமா கிளாஸ் எல்லாம் சுடுதண்ணில கழுவுறாங்க. தண்ணி ஓடுற கானும் துப்பரவாக்கிட்டாங்க.”

சிரித்துக்கொண்டே கடையை விட்டு இறங்கினேன். பாதிப் படியில் அழுகை வந்து இருந்துவிட்டேன்.

நவம்பர் 26, வியாழன்

காலையில் தேநீரோடு சொன்னேன். “வீடு எண்டு நான் அழுத்தின இடம் பிழை. திருத்துவமோ?”

இவர் கோப்பையை மேசையில் வைத்தார். “பின்னால வந்தனீரோ?”

“இல்லை. முன்னால நிண்டனான்.”

“விழுந்தால் தூக்க நிண்டீரோ, குடிக்கிறேனோ எண்டு பாக்க நிண்டீரோ?”

“குடிக்கிறீங்களோ எண்டு பாக்கத்தான்.”

“அது பரவாயில்லை” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. இந்த மனிசனை முப்பது வருடத்துக்குப் பிறகும் எனக்கு விளங்கவில்லை.

இருவருமாகப் படியடிக்குப் போய், கம்பி வேலிக்கு மேலால் பெட்டியை உயர்த்திப் பிடித்தோம். பதினைந்து நிமிடத்தில் பிடித்தது. பொத்தானை நான் காட்ட, இவர் விரலால் அழுத்தினார்.

டிசம்பர் 4, வெள்ளி

இவர் தவறணை வாசலில் நிற்பதில்லை. மனேஜர் மீண்டும் பச்சைத் தண்ணீருக்குப் போய்விட்டாராம். இராசையா முறைப்பாடு கொண்டுவந்தார்.

2010 ஜனவரி 10, ஞாயிறு

தர்மிளா போனில் கேட்டாள்: “அம்மா, பெட்டி வேலை செய்யுதோ? இப்ப காருக்குள்ள சண்டை இல்லையோ?”

“காருக்குள்ள இல்லை” என்றேன். உண்மைதானே.

பெப்ரவரி 9, செவ்வாய்

என்னிடம் படித்த விஜயலெட்சுமிக்கு வேலை கிடைத்திருக்கிறது. பார்க்கத் தெமோதரைக்குத் தனியாகக் காரில் போனேன். இரண்டு இடத்தில் நிறுத்தி வழி கேட்டேன். இரண்டு பேரும் இரண்டு வழி சொன்னார்கள். போய்ச் சேர்ந்தேன்.

திரும்பி வந்தபோது வீடு பூட்டியிருந்தது. மேசையில் என் மார்க்கரால், ஒரு தாள் முழுக்கப் பெரிய பெரிய எழுத்தில், வரி சரிந்து, மேசை விரிப்பிலும் கொஞ்சம் எழுதி:

“மீன் சந்தைக்குப் போறன். தேடாதையும்.”

தேடவில்லை. சோறு வைத்தேன், தேங்காய் துருவினேன், பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன். ஒரு தரம்தான் மணி பார்த்தேன்.

இரண்டு தரம்.

ஆறு மணிக்குச் சூரை மீனோடு வந்தார். செவுள் நாறுகிறது, நல்ல மீன் இல்லை. சொல்லவில்லை.

சொன்னேன். சண்டை பிடித்தோம்.