முகக்கவசத்துக்குப் பின்னால் ஒரு கேள்வி

ஜூன் 8
கல்லூரியைப் பூட்டி மூன்று மாதம் ஆகிறது. புள்ளியியல் வகுப்பைக் கணினித் திரையில் நடத்தி நடத்திக் கை பழகிவிட்டது. வெளியே சொல்லக்கூடாத உண்மை ஒன்று: எனக்கு இது வசதியாக இருக்கிறது. பேசுகிற பிள்ளையின் முகம் திரை நிறையத் தெரிகிறது. உதடு தெரிகிறது. வலது காது போய் ஆறு வருடம். இடது காதும் பாதிதான். உதட்டைப் பார்த்தே காலம் தள்ளுகிறேன் என்பது வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஜூன் 19
அடுத்த பருவத்துக்கான திட்டக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். பாதிப் பிள்ளைகள் ஒரு வாரம், மீதிப் பேர் மறு வாரம். பெஞ்சுக்கு ஒருவர். ஜன்னல்கள் திறந்தே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பிறகு முதல்வர் அம்மா வாசித்தார்: "வளாகத்துக்குள்ள முழு நேரமும் எல்லாருக்கும் முகக்கவசம்." அதற்கும் தலையாட்டினேன். சரிதானே, உயிர் முக்கியம். ஆனால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டால் நான் எப்படிக் கேட்பது?

ஜூன் 20
ராஜினாமாக் கடிதம் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். இவர் படித்துவிட்டு, "பதினெட்டு வருஷ வேலை. ஒரு வார்த்தை சொல்லிப் பாக்காமலே விட்டுருவியா?" என்றார்.
சொன்னா என்ன ஆகும்னு இவருக்கு என்ன தெரியும்? செவிட்டு மேடம்னு பேர் வரும். அதானே.

ஜூன் 24
சொல்லிவிட்டேன். திரைக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும்.
முதலில் பேசியவர் துறைத் தலைவர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஒலிபெருக்கி. "ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முகத்தையும் பாத்துப் பேசுவீங்க, என்னை மட்டும் பாக்க மாட்டீங்க. மதிக்கலையோன்னு நினைச்சேன்" என்றார்.
"உங்க குரலுக்குப் பாக்கவே தேவையில்ல சார்" என்றேன்.
முதல்வர் அம்மா சிரித்தார். பிறகு பேனாவை எடுத்தார். "ஆறு வருஷம் தனியாவே சமாளிச்சிருக்கீங்க. போகட்டும். இப்ப உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."
என்ன வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கும்படி நானும் நடந்துகொண்டதில்லை. என்ன தவம் செய்தேனோ, இப்படிப்பட்டவர்கள் நடுவில் வேலை பார்க்க.

ஜூன் 30
திட்டத்தில் ஏழாவது பத்தி சேர்ந்துவிட்டது. பிள்ளைகள் கேள்வியைக் கைபேசியில் தட்டினால் கரும்பலகைக்குப் பக்கத்துத் திரையில் வரும், பெயர் இல்லாமல். கைபேசி இல்லாதவர்களுக்குத் துண்டுச் சீட்டு. முதலில் என் வகுப்பில் மட்டும்.

ஆகஸ்ட் 17
திறந்தாயிற்று. இருபது பேர், இருபது முகக்கவசம். யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. அப்போது திரையில் ஒரு வரி: "சராசரி எப்போ நம்மை ஏமாத்தும் மேடம்?"
வகுப்பு முழுவதும் அதிலேயே போனது. நன்றி, யார் பெற்ற பிள்ளையோ.

நவம்பர் 2
காதுக் கருவி பொருத்திக்கொண்டேன். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. ஒரு வருடமாகச் சொட்டுகிறதாம். எனக்குக் கேட்காது என்று இவர் நிம்மதியாக இருந்திருக்கிறார்.

மார்ச் 11
முகக்கவசம் இனி அவரவர் விருப்பம் என்று சுற்றறிக்கை வந்தது. வரும் ஆண்டுகளுக்கான திட்டம் தயாராகிறது. கேள்வித் திரையைக் கழற்றிவிடலாமா என்று முதல்வர் அம்மா கேட்டார். சரி என்று சொல்லத்தான் போனேன். அவர் மேஜையில் பிள்ளைகளின் மனு இருந்தது. 'தயவுசெய்து எடுக்காதீர்கள். எங்களில் பதினொரு பேர் இதற்கு முன்னால் எந்த வகுப்பிலும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.'
எனக்காகச் செய்த ஏற்பாடு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
ஏழாவது பத்தியில் 'புள்ளியியல் வகுப்பு' என்பதை அடித்து, 'எல்லா வகுப்பறைகளும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.