பதினொன்றும் பதிமூன்றும்

மார்ச் 3, திங்கள்

இரண்டு வருடமாக எங்கள் முன்னறை சோபாவில் படுத்தபடியே வேலை தேடும் என் கொழுந்தனார் துரைக்கு இன்று வாயெல்லாம் பல். ஒரு கம்பெனி ஆண்டுவிழாவுக்கு அரங்கம் ஏற்பாடு செய்யும் பொறுப்பு கிடைத்திருக்கிறதாம். ஒழுங்காகச் செய்தால் வருடம் முழுக்க அவர்கள் விழாக்கள் இவருக்கே. “அப்புறம் தனியா ரூம் பாத்துப் போயிடுவேன் அண்ணி” என்றார். என் வயிற்றில் பால் வார்த்தார்.

மார்ச் 5, புதன்

பெட்டியை இப்போதே கட்டிவிட்டார். நல்லது.

மார்ச் 6, வியாழன்

முதலாளியையும் சேர்த்து விருந்தினர் சரியாக 144 பேர். வரிசைக்குப் பன்னிரண்டாகப் பன்னிரண்டு வரிசை என்று கம்பெனியே சொல்லிவிட்டது. துரைக்குப் பிடிக்கவில்லை. “பன்னெண்டுல நடு சேரே வராது. முதலாளி நட்டநடுவுல உட்காரணும். வரிசைக்குப் பதினொண்ணு, மொத்தம் பதிமூணு வரிசை. அங்க ஒண்ணு குறைச்சேன், இங்க ஒண்ணு கூட்டிட்டேன். சரியாப் போச்சு.”

எங்கே சரியாகப் போயிற்று? கூட்டினால்தான் 24. பெருக்கினால் 143. அடுத்தடுத்த இரண்டு ஒற்றைப்படை எண்களைப் பெருக்கினால், நடுவிலுள்ள இரட்டைப்படையின் வர்க்கத்துக்கு எப்போதும் ஒன்று குறையும். மூவைந்து பதினைந்து, நானான்கு பதினாறு. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள்.

நடு நாற்காலிதான் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் மூன்று, ஐந்து, ஏழு என்று விசிறி மாதிரி இருபத்து மூன்று வரை. பன்னிரண்டு வரிசை, கூட்டினால் கச்சிதமாக 144. சொல்ல வாயெடுத்தேன். “கணக்கு டீச்சருக்கு அழகைப் பத்தி என்ன தெரியும்” என்று சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

வாயை மூடிக்கொண்டேன். படட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று விழா. துரைக்கு ஒத்தாசையாகப் போன என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். முதலாளி வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றுவிட்டுக் கடைசியாக உள்ளே வந்தாராம். நட்டநடு நாற்காலியில் அவருடைய மாமியார். எழுப்ப யாருக்குத் தைரியம்? வேறு நாற்காலியும் இல்லை — துரை எண்ணித்தான் வாடகைக்கு எடுத்திருந்தார். யார் எழுந்து கொடுத்தும் உட்காராமல் வரவேற்புரை முழுக்க மனிதர் சுவரோரம் நின்றாராம்.

கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

“இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க அவனை” என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. அடி மண்டு! என்னைத்தான் சொல்கிறேன். அவர் தோற்றால் சோபா யாருக்கு? இந்தச் சின்னக் கணக்கு எப்படித் தோன்றாமல் போனது எனக்கு?

மார்ச் 10, திங்கள்

“எப்படி அண்ணி ஒண்ணு குறைஞ்சுது?” என்று வந்து நின்றார். தாளில் போட்டுக் காட்டினேன். விசிறியையும் வரைந்தேன். விரல் வைத்து ஒவ்வொரு வரிசையாக எண்ணிப் பார்த்தார்.

“இது எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?”

“வியாழக்கிழமையே.” வாய் தவறி வந்துவிட்டது.

கத்தியிருந்தால் பரவாயில்லை. கண் கலங்கிவிட்டார். “அப்போ நான் போறதுல உங்களுக்கு இஷ்டமில்ல. நான் பாரம்னு நெனச்சிட்டிருந்தேன் அண்ணி.”

இல்லடா முட்டாள், நீ அவமானப்படணும்னு பேசாம இருந்தேன்னா சொல்ல முடியும்?

“கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்” என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

பெட்டியைப் பிரித்துவிட்டார். அலமாரியில் என் துணிகளை ஒதுக்கி ஒரு தட்டு காலி செய்து கொடுத்தேன்.