ஜவ்வாதுக்கு ஐந்து வேளை

நோன்பு 9, திங்கள்

காலை எட்டுக்கே வெயில். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, கண் கூசுகிறது. மாமா மதிய பஸ்ஸில் திருச்சி போய்விட்டார். மகளுக்குப் பிரசவம். சனிக்கிழமை சாயங்காலம்தான் வருவார். அதுவரை ஜவ்வாது என் கையில். என் கையில்!! மூன்று வருசமாகக் குதிரை வீடியோவாகப் பார்த்துத் தள்ளியவள். இப்போது நிஜக் குதிரை.

(இனி ஜ. என்றுதான் எழுதுவேன். முழுப் பேர் எழுதினால் கை வலிக்கும்.)

ஜ. வெள்ளை. பெண். பதினொரு வயசு. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போகிறவள். நோன்பு மாசத்தில் கல்யாணம் இல்லை, அதனால் மாமா வீட்டுக் கொட்டகையில் ஓய்வு. எங்கள் வீட்டுக்கு அடுத்த சுவர். பெருநாள் முடிந்ததும் முதல் ஊர்வலம் புக் ஆகியிருக்கிறது. மாமா வீட்டுச் சோறே ஜ. முதுகில்தான்.

மாமா சொல்லிவிட்டுப் போனது: "பாங்கு சொன்னா ஜவ்வாதுக்குச் சாப்பாடு. அம்புட்டுதான். அஞ்சு பாங்கு, அஞ்சு வேளை. வேளைக்கு ஊறவச்ச கொள்ளு ஒரு டப்பா, தவிடு ரெண்டு கை. நடுவுல சோளத்தட்டையோ புல்லோ முன்னாடி கெடந்துக்கிட்டே இருக்கணும். தண்ணியும் அப்படித்தான்."

"சார்ட் எதுவும் இல்லையா மாமா?"

"சார்ட்டா? பள்ளிவாசல்ல மைக் இருக்குல்ல."

இன்னொன்றும் சொன்னார். "தெனம் காலையில போன் அடிப்பேன். எத்தனை லத்தின்னு மட்டும் சொல்லு. எட்டுக்குக் கொறஞ்சா ஒடனே சொல்லணும்."

சாணியை எண்ணச் சொல்கிறார்! சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை.

அத்தா மட்டும் பெருமையாக: "ராவுத்தர் வீட்டுப் புள்ளைக்குக் குதிரைத் தீனி சொல்லித் தரணுமாக்கும்? நம்ம பேரே குதிரைக்காரன்தான்." இதைச் சொல்லும்போது அத்தா நின்றது ஜ.வுக்குப் பத்தடி தள்ளி.


நோன்பு 10, செவ்வாய்

லத்தி ஒன்பது. மாமாவிடம் சொன்னேன். "ம்" என்று வைத்துவிட்டார்.

செத்துவிட்டேன் இன்று. விடியலில் பஜ்ருக்கு ஒன்று, மத்தியானம் லுஹருக்கு ஒன்று, சாயங்காலம் அஸருக்கு ஒன்று... நோன்பு வைத்துக்கொண்டு மத்தியான வெயிலில் கொள்ளுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியவில்லை. தலை சுற்றல். நடுவில் ஆத்தூர்ப் பக்கமிருந்து செல்லையா அண்ணன் மொபெட்டில் புல்லுக்கட்டு கொண்டுவருவார். ஒன்பது மணிக்கு. அப்போதுதான் எனக்குக் கண்ணைச் சொக்கும்.

படுத்துக்கொண்டே தேடினேன். 'குதிரைக்கு ஒரு நாளைக்கு எத்தனை முறை தீவனம்?' முதலில் வந்த குட்டி வீடியோவிலேயே பதில். குதிரைக்காரர், தொப்பி, பெரிய லாயம். "ஒரு நாளைக்கு ரெண்டு வேளை போதும்." ரெண்டு வேளை!! மாமா பாவம், பழைய முறை.

புது ப்ளான்:
- விடியுமுன் சஹர் சாப்பிட நான் எழும்பும்போது ஜ.வுக்கும். கொள்ளு இரண்டரை டப்பா, தவிடு அஞ்சு கை, தட்டை மொத்தமும்
- நோன்பு திறக்கும்போது அதே மாதிரி இன்னொன்று
- கூட்டினால் அதே அஞ்சு டப்பா. கணக்கு சரி
- செல்லையா அண்ணனைச் சாயங்காலம் வரச் சொல்லணும்

போனில் அவர் கேட்டார்: "ஏம்மா, காலையில புல்லு வேணாமா? பகல்ல அது என்னத்தத் திங்கும்?"

"ப்ளான் மாத்திட்டேண்ணே."

"மாமாகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன்."

கேட்கவில்லை.


நோன்பு 11, புதன்

சஹரில் வைத்ததை ஜ. எப்படித் தின்றாள்! மெல்லவே இல்லை. வாளிக்குள் மூஞ்சியை விட்டு ஒரே இழுப்பு. நல்ல பசி போல என்று சந்தோசம். எட்டு மணிக்குள் தட்டையும் காலி.

லுஹர் பாங்கு சொன்னதும் வாளியைக் காலால் உதைத்தாள். டங், டங். அஸர் பாங்குக்கும். அப்புறம் கொட்டகைக் கதவின் மரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். காலி வாளியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். அவ்வளவு அழகு. வீடியோ எடுத்தேன். 'எங்க ஜவ்வாதும் நோன்பு!' என்று எழுதிப் போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் ரெண்டாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ஹார்ட் ஹார்ட் ஹார்ட். 'மாஷா அல்லாஹ், வாயில்லா ஜீவன்கூட.' யாரோ ஒருவர் மட்டும்: 'பகல்ல குதிரை முன்னாடி புல் இல்லையா?' பதில் போடவில்லை. பொறாமை என்று நினைத்தேன்.

லத்தி ஆறு. சின்னது, காய்ந்தது. மாமாவிடம் எட்டு என்று சொன்னேன். ஏன் சொன்னேன்? கேட்டதும் வாயில் வந்துவிட்டது.


நோன்பு 12, வியாழன்

பன்னிரண்டாயிரம் பேர்!!!

நோன்பு திறக்கும் நேரத்தில் கொட்டகை வாசலில் கூட்டம். எதிர்வீட்டு மும்தாஜ் மாமி தூக்குச் சட்டியில் நோன்புக் கஞ்சியோடு. "பச்சப்புள்ள மாதிரி நோன்பு வச்சிருக்குல்ல, முதல் கஞ்சி அதுக்குத்தான்." இன்னொருத்தர் பேரீச்சம்பழம். ஒரு சின்னப் பிள்ளை வடையை நீட்டியது. வேண்டாம் என்று சொல்லியிருக்கணும். எல்லார் கையிலும் போன், எல்லாரும் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். என் இரண்டரை டப்பா கொள்ளுக்கு மேல் அவ்வளவும் உள்ளே போனது. கஞ்சியை நக்கி நக்கிக் குடித்தாள். கடைசியில் தூக்கு மூடியையும் விடவில்லை.

அம்மா சமையல்கட்டு ஜன்னலிலிருந்து: "ஏன்டி, நோயாளிக்கே நோன்பு கடமை இல்ல. குதிரைக்கு எவடி கடமையாக்குனது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

லத்தி நாலு. மாமாவிடம் ஒன்பது என்றேன்.

படுத்தபின் அந்த வீடியோவைத் திரும்பத் தேடினேன். எதற்கென்று தெரியவில்லை. ஒரு மாதிரி இருந்தது. அன்றைக்கு நாற்பது நொடியில் தள்ளிவிட்டிருக்கிறேன். மிச்சத்தைப் பார்த்தேன். "ரெண்டு வேளை போதும்னு சொன்னது தானியம் மட்டும். அதுவும் நாள் முழுக்கப் புல் முன்னாடி கிடக்கிற குதிரைக்கு. வயிறு காலியா கிடந்தா..."

நிறுத்திவிட்டேன். நாளையிலிருந்து பழையபடி அஞ்சு வேளை. யாருக்கும் தெரியப்போவதில்லை.


நோன்பு 13, வெள்ளி

மேகம். புழுக்கம். எழுத ஓடவில்லை, ஆனால் சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும். மணி போட்டு எழுதுகிறேன்.

6.10. சஹரில் வைத்த ஒரு டப்பா அப்படியே இருக்கிறது. தொடவில்லை. லத்தி இல்லை. ஒன்றுகூட இல்லை.

6.40. முன்காலால் தரையைத் தோண்டுகிறாள். திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்க்கிறாள். அங்கே யாரோ இருக்கிற மாதிரி.

7.00. மாமா போன். எடுக்கவில்லை.

7.05. மறுபடி மாமா. "எத்தனை?" "எட்டு மாமா."

7.20. படுத்துவிட்டாள். புரண்டாள். நாலு காலும் மேலே. சுவரில் குளம்பு பட்டுக் காரை பெயர்ந்தது. வெள்ளை உடம்பெல்லாம் வேர்த்துச் சாம்பல் நிறம். அம்மா என்று கத்தினேன். அத்தா வந்தார், இந்த முறை பத்தடி தள்ளி நிற்கவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தார், எழுந்தாள், நடத்தினோம், மறுபடி கால் மடங்குகிறது.

தேடினேன். குதிரை வயிற்று வலி. குடல் முறுக்கு. எல்லா இடத்திலும் ஒரே வார்த்தை, சாகும், சாகும், சாகும். அம்மா போனைப் பிடுங்கி, தனக்குத் தெரிந்த மாட்டு டாக்டரம்மாவுக்கு அடித்தாள்.

8.15. டாக்டரம்மா ஸ்கூட்டரில். பையைத் திறப்பதற்கு முன்னாலேயே வயிற்றில் காது வைக்கிற மாதிரி ஸ்டெத்தை வைத்தார். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். ரொம்ப நேரம்.

"சத்தமே இல்ல. என்ன குடுத்தீங்க?"

"எப்பவும் குடுக்கிறதுதான்."

"எவ்வளவு? எத்தனை வேளை?"

"அஞ்சு."

அத்தா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை, அதுதான் பயம்.

டாக்டரம்மா குழாயை எடுத்துக்கொண்டே சொன்னார்: "பாப்பா, மாடு மாதிரி இல்ல இது. வாந்தி எடுக்கவும் தெரியாது. உள்ள போனது பின்னாடி வழியாத்தான் வரணும், இல்ல வயித்துலயே வெடிக்கும். வயித்துல ஊறுன தானியம் இருந்தா நான் பண்றது ஒன்னு, இல்லாட்டி வேற. எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஜ. மூச்சு என் கையில் பட்டது. சூடு. புளிச்ச வாடை.

சொல்லிவிட்டேன். எல்லாத்தையும். ரெண்டு வேளை, இரண்டரை டப்பா, பகல் முழுக்க ஒன்றும் இல்லை, கதவு மரம், கஞ்சி, வடை, பேரீச்சை, நாலு லத்தி, எட்டு என்று சொன்னது. அழுதேனா தெரியவில்லை. அத்தா கயிற்றை விடாமல் நின்றார்.

"பகலெல்லாம் பட்டினி, சாயங்காலம் வயிறு முட்ட," என்றார் டாக்டரம்மா. "நாமளே மொத நோன்பு அன்னிக்கு அப்படித் தின்னா நெஞ்செரியுது. இதுக்கு இரைப்பை ஒரு வாளி அளவுதான். நாள் பூரா கொறிச்சுக்கிட்டே இருக்கணும். தெரியாதா?"

"நாற்பது நொடி பாத்தேன் டாக்டர்."

"என்னது?"

"ஒன்னுமில்ல."

மூக்கு வழியாகக் குழாய். புளித்த கஞ்சி வாடை குபீரென்று வந்தது, வாளி வாளியாக. அப்புறம் எண்ணெய். ஊசி ரெண்டு. தீனி எதுவும் கூடாது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. லத்தி வந்தால் போன் பண்ணணும். சாயங்காலம் வரை வரலைன்னா...

லுஹர். ஜும்மா பாங்கு. காது மட்டும் தூக்கினாள். சத்தியமாகத் தூக்கினாள். வாளியை உதைக்கவில்லை. உதைத்தால் போதும் என்று இருந்தது.

2.30. மும்தாஜ் மாமி கதவுக்கு வெளியே. உள்ளே வரவில்லை. "நான் குடுத்த கஞ்சியாலயாம்மா?" இல்லை மாமி, என்னால என்றேன். மாமி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

3.10. வீடியோவை அழித்தேன். அழித்தாலும் வேறு யார் யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 'நோன்பு வைக்கும் குதிரை.' அடுத்த தெருவில் எவனாவது தன் குதிரையைப் பட்டினி போட்டுக்கொண்டிருப்பானோ? ஒவ்வொன்றின் கீழும் போய் எழுதினேன்: 'இது தப்பு. குதிரை சாகக் கிடக்கிறது. செய்யாதீங்க. நான்தான் அந்தப் பொண்ணு.' ஒருத்தன்: 'லைக்குக்காக இதையும் போடு.' சரிதான்.

4.00. அஸர். இல்லை.

5.20. டாக்டரம்மா மறுபடி வந்தார். ஸ்டெத்தை என் காதில் மாட்டினார். "கேளு." முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் எங்கேயோ ஆழத்தில், தண்ணீர்க் குழாயில் காற்று போகிற மாதிரி ஒரு சின்ன குளுக். "இது நல்லதா?" "கெட்டது இல்ல. ஆனா இன்னும் தாண்டல." எண்ணெய் இன்னொரு முறை.

6.30. நோன்பு திறக்க அம்மா பேரீச்சம்பழம் கொண்டுவந்தாள். கொட்டகையிலேயே நின்று தின்றேன். ஜ. முன்னால் தின்ன வெட்கமாக இருந்தது.

மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை. பேரன் பிறந்திருக்கிறான், போட்டோ அனுப்பியிருக்கிறார். சின்ன முகம், சுருங்கின நெற்றி. அதற்குக் கீழே நான் எப்படி எழுதுவது?

எழுதினேன். குரலாக அனுப்பினால் அழுதுவிடுவேன், அதனால் எழுத்தில். நாலு நாள் உண்மைக் கணக்கு: 9, 6, 4, 0. அவ்வளவுதான். நீல டிக் விழுந்தது.


நோன்பு 14, சனி

தூறல். மண் வாசனை. எனக்கு எதுவும் வாசனையாக இல்லை.

5.50. கொட்டகைக்குள் போகப் பயம். கதவுக்கு வெளியே நின்று மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கிறது. நின்றுகொண்டிருக்கிறாள்!

6.05. பின்னங்காலுக்குப் பக்கத்தில் ஒன்று. பளபளவென்று எண்ணெய் பூசிய உருண்டைகள். கையில் எடுத்துவிட்டேன். கையில்! சூடாக இருந்தது. அத்தாவைக் கூப்பிட்டால் அவரும் ஓடிவந்து குனிந்து பார்க்கிறார், தங்கம் கிடந்த மாதிரி.

டாக்டரம்மா போனில்: "கொள்ளு பத்து நாளைக்கு மூடி வை. ஈரப்புல்லு, ரெண்டு மணிக்கு ஒரு தடவை, ரெண்டு பிடி. மூணாவது பிடி போட்டேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் இருக்கு ஒனக்கு. இன்னும் நாலு நாளைக்குத் தைரியமா இருக்காத."

7.00. மாமா போன். மூன்றாவது மணியில்தான் எடுத்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"எத்தனை?"

"ஒன்னு மாமா."

பின்னால் ஆஸ்பத்திரி இரைச்சல். பச்சைப்பிள்ளை அழுகிறது.

"நெசமாவா?"

"நெசமா. வேணா போட்டோ அனுப்பவா?"

"வேணாம். மத்தியான பஸ்ல வாரேன்." வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

8.00. ரெண்டு பிடி. மெதுவாக மென்றாள்.

9.00. செல்லையா அண்ணன் கட்டோடு வந்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. இறக்கி வைத்துவிட்டு, "ப்ளான் மாத்திட்டியாம்மா?" என்றார். ஆமாண்ணே என்றேன்.

10.00. ரெண்டு பிடி. லத்தி இன்னொன்று.

12.00. ரெண்டு பிடி. கண் சொக்குகிறது. படுக்கப் போவதில்லை.

லுஹர் பாங்கு. காதைத் தூக்கினாள். முன்கால் ஒருமுறை லேசாக. டங்.

2.00. ரெண்டு பிடி. மாமாவின் பஸ் எங்கே வந்திருக்கும்? வந்ததும் என்னைப் பார்ப்பாரா, நேராகக் கொட்டகைக்குப் போவாரா? கொட்டகைக்குத்தான். அங்கேதான் நிற்கிறேன்.

3.40. மூன்றாவது லத்தி.

4.00. ரெண்டு பிடி. அஸர் பாங்கு. தெருவில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம்.

லத்தி: மூன்று. நிஜமாகவே மூன்று.