சகலையின் வெள்ளை சஃபாரி

13 ஜூன் 1999, ஞாயிறு

காலையிலிருந்து சாரல். காற்று குடையைத் திருப்பிவிட்டது. நானும் கிரேஸியும் பைக்கில் சர்ச்சுக்கு, பாதி நனைந்து. கேட்டுக்குள் நுழையும்போதே கூட்டம். நடுவில் என் சகலை சாமுவேல் (கிரேஸியின் அக்கா ரூத்தின் வீட்டுக்காரர்). புது சஃபாரி வண்டி எடுத்திருக்கிறார். வெள்ளை. பாஸ்டர் கூடக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்.

ஆராதனை முடிந்ததும் ரூத், "கண்ணு, நீ எங்க கூட வா. ஊட்டுல எறக்கி உடறோம்."

கிரேஸி ஏறிக்கொண்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சூலூரில் எங்கள் வீடு வரை அந்த வண்டிக்குப் பின்னால் நான் தனியாக. அது தெறித்த சேறு முழுவதும் என் புது வேட்டியில்.

14 திங்கள்

பட்டறையில் கரண்ட் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கும் வண்டி தேவைதான். பம்ப் பாகங்கள் ஏற்ற, அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக. இதில் பொறாமை ஒன்றும் இல்லை.

சுமோ: விலை கட்டுப்படி. சரக்கும் ஏறும், சனமும் ஏறும். உட்கார்ந்து போகலாம், படுத்துத் தூங்க முடியாது.

சஃபாரி: அந்த அதிகப்படி விலைக்கு ஒரு லேத் வாங்கலாம். சீட்டு சோபா மாதிரி. சகலை வைத்திருக்கிறார்.

கடைசி வரியை அடித்துவிட்டேன்.

15 செவ்வாய்

காந்திபுரம். பழைய வண்டி புரோக்கர் ஒருவரிடம் கேட்டேன்.

"சுமோன்னா அஞ்சு வருசங் கழிச்சும் நின்ன எடத்துல வித்துத் தாரனுங்க. அந்தப் பெரிய வண்டி இப்பத்தான் வந்துருக்குது. என்ன வெலைக்குப் போகும்னு எனக்கே தெரியாதுங்க."

"எங்க சகலை எடுத்திருக்காரே?"

"ஏனுங்க, அவரு விக்கறதுக்கா எடுத்தாரு? ஓட்டறதுக்குங்க."

நேரே அவினாசி ரோடு ஷோரூம். சஃபாரியில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் டிரைவருக்குச் சமமான உயரம். கறுப்பு இருக்கிறதா என்று விசாரித்தேன். கறுப்பு வண்டி பக்கத்தில் வந்து நின்றால் வெள்ளை எடுபடாது. ஆண்டவரே, என்ன புத்தி எனக்கு.

வீட்டில் சொன்னேன், சஃபாரிதான் என்று. கிரேஸி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அக்கா ஊட்டுல இருக்குதுன்னு சொல்றீங்களா, நமக்கு வேணும்னு சொல்றீங்களா?"



19 சனி

வெயில். பட்டறையைச் சீக்கிரம் மூடிவிட்டு வரும் வழியில் மில்லுக்குப் பின்புறம் இருக்கும் காலி மைதானம். அதில் வெள்ளை சஃபாரி, நத்தை மாதிரி ஊர்ந்து, நின்று, குலுங்கி, மறுபடி ஊர்ந்து. சகலைக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தேன். அவர் இடதுபக்கச் சீட்டில். பின்னால் ரூத், கைதட்டிச் சிரிப்பு. ஸ்டியரிங்கில் கிரேஸி.

முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு நேரே முன்னால் பார்க்கிறாள். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. சகலை பார்த்திருக்கிறார். எத்தனை சனிக்கிழமையாகவோ.

நிற்காமல் வந்துவிட்டேன். வண்டி மேல் இருந்த எரிச்சலெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

20 ஞாயிறு

தலைவலி என்று சர்ச்சுக்குப் போகவில்லை. மத்தியானம் அவளே கேட்டாள். "நேத்து மைதானத்துப் பக்கம் வந்தீங்களா?"

"வந்தேன்."

"எல்.எல்.ஆர். போட்டுருக்கேன். மொதல்ல அக்கா ஊட்டுப் பழைய வேன்ல பழகுனேன். இப்பத்தான் இதுல."

"யார் யாருக்குத் தெரியும்?"

"அக்கா, மச்சான், அம்மா, உங்க அம்மா." கொஞ்சம் யோசித்து, "உங்க அப்பாவுக்கும்."

என்னைத் தவிர எல்லோருக்கும். என் அப்பா உட்பட!

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"கேட்டனுங்களே. 'மொதல்ல சைக்கிள் ஓட்டு பாக்கலாம்'னு சிரிச்சீங்க. மச்சான் சிரிக்கல. அக்காவையும் என்னையும் ஒண்ணாத்தான் பழக்குனாரு. அவ பயந்துட்டு உட்டுப்போட்டா. நான் உடல."

சாமுவேலைத் திட்ட ஒரு வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை. நல்ல மனுஷன். அதுதான் தாங்க முடியவில்லை.

22 செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. இரண்டு பேரும் ஷோரூமுக்கு. சேல்ஸ்மேன் சாவியை என்னிடம் நீட்டினார். நான் கிரேஸியிடம் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பின் சீட்டில் ஏறி பெல்ட்டைத் தேடினார்.

முதலில் கறுப்பு சஃபாரி. "சொகமாத்தான் இருக்குது," என்றாள். அடுத்தது சுமோ. அவினாசி ரோட்டில் டவுன் பஸ் ஒன்று ஒட்டி வந்தது. என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. அவள் ஹாரனை அடித்தாள், அவ்வளவுதான். பஸ் ஒதுங்கியது.

"இதே போதுங்க. பட்டறைக்கும் ஆகும், ஊட்டுக்கும் ஆகும், நாளைக்கு வித்தாலும் போகும். அதை வாங்குனா, நிறுத்துற எடத்துலயெல்லாம் மச்சான் வண்டியையே பாத்துட்டு இருப்பீங்க."

பின் சீட்டில் இருமல் சத்தம். சிரிப்பை மறைக்கிறார்.

புக் செய்தாயிற்று. வெள்ளை வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பச்சை.

பஸ் ஸ்டாண்டில் அவள் சொன்னாள், "ரிவர்ஸ் மட்டும் இன்னும் சரியா வரலீங்க. சனிக்கெழம சொல்லித் தாரேன்னாரு மச்சான்."

"அவரு ஒண்ணும் வர வேண்டாம், வண்டி மட்டும் வந்தாப் போதும். சனிக்கெழம பட்டறைக்கு லீவு உட்டுர்றேன். நான் வாரேன்."