சாளக்கறிக்கு விழுந்த கைத்தட்டல்

குலசேகரம்
3.9.2012

அன்பு மகள் ஜிஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மாதாவின் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மருமகனும் பிள்ளைகளும் அப்படியே சுகமாக இருக்கவேண்டும் என்று ஜெபமாலை சொல்லும்போது உங்கள் பெயர்களைத்தான் முதலில் சொல்கிறேன், அப்பாவின் முழங்காலுக்கு இரண்டாவது இடம். இங்கே விடாத மழை. ரப்பரில் பால் வெட்டு நின்றுபோனதால் அப்பாவுக்கு வேலை இல்லை, வேலை இல்லாததால் அடுக்களைக்குள் வந்து நின்றுகொண்டு பயறு இப்படி நறுக்கு, தேங்காய் அப்படித் திருவு என்று எனக்குப் படித்துக் கொடுக்கிறார், முப்பத்திரண்டு வருஷமாக அந்த மனுஷன் தின்றதெல்லாம் யார் வைத்ததோ தெரியவில்லை. மாமாவின் விழா எப்படி நடந்தது என்று நீ போனில் கேட்டாய், அப்பா பக்கத்தில் நின்றதால் நன்றாக நடந்தது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது போனில் சொல்லித் தீருகிற சங்கதி இல்லை மகளே. உன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண் லீவு முடிந்து அடுத்த வாரம் டப்ளின் வருகிறாளாம், ஏத்தங்காய் சிப்ஸோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை முதலில் படி, சிப்ஸைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் வை.

நீ சின்னவளாக இருக்கும்போது குளச்சலில் மாமா வீட்டுக்குப் போனால் ஒரு கேசட்டைப் போடுவான், அது ஓடத் தொடங்கியதும் நான் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடுவேன், அம்மாவுக்கு இங்கிலீஷ் பாட்டு பிடிக்காது என்று நீயும் நினைத்துக்கொண்டாய். விஷயம் வேறே. நான் நாகர்கோவிலில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும்போது, கப்பலில் வேலை பார்த்த எங்கள் சித்தப்பா ஒரு ரெக்கார்ட் பிளேயரும் ஒரு இங்கிலீஷ் ரெக்கார்டும் கொண்டுவந்தார். சிவப்பு அட்டை, அதன் மேல் சடைமுடிக்காரன் ஒருத்தன் கிட்டாரைக் கைப்பிள்ளைபோலக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பான். ஸ்டுடியோவில் உட்கார்ந்து பாடியது இல்லை, மேடையில் ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முன்னால் பாடியதைக் கைத்தட்டல், விசில் எல்லாவற்றோடும் அப்படியே பிடித்த ரெக்கார்ட். அந்த வருஷம் உலகம் முழுக்க அதைத்தான் வாங்கினார்களாம், வீட்டுக்கு ஒன்று கிடந்ததாம். எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான், அதுவும் எங்கள் வீட்டில்.

உன் மாமா ஜான்ரோஸுக்கு அப்போது பதினேழு வயது. கூட்டாளிகள் வாசலிலேயே கிடந்தார்கள். ரெக்கார்டைக் கையில் கொடுக்க மனசு வராமல், ஸ்பீக்கருக்கு முன்னால் முக்காலியைப் போட்டு அதன்மேல் டேப் ரெக்கார்டரை வைத்துக் கேசட்டில் பிடித்தான். வயரைச் சொருகிப் பிடிக்கலாம் என்பதெல்லாம் எங்கள் கடற்கரையில் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அறையில் இருந்தவர்களுக்கு மூச்சுவிடக்கூடாது என்று கட்டளை, அடுக்களையில் சாளை மீன் கறி வைத்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது பாட்டில் ஒரு இடம் வரும், கிட்டார்க்காரன் வாசித்துக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துவான், கூட்டம் அப்படியே அடங்கிப்போகும், பிறகு அவன் மறுபடியும் ஒரு தட்டுத் தட்டியதும் ஜனம் முழுக்கக் கூரை பிய்கிற மாதிரி கத்தும். அந்த அடங்கின இடத்தில்தான் நான் கதவைத் திறந்து, “ஏலே ரோஸு, சாளக்கறி ஆறிப்போவுது, திங்க வாலே!” என்று கூப்பிட்டிருக்கிறேன். அவ்வளவுதான், அதற்குப் பின்னால் அத்தனை வெள்ளைக்காரர்களும் ஆவென்று கத்திக் கைதட்டுகிறார்கள். கேட்டால் என் சாளக்கறிக்குத்தான் தட்டுகிறார்கள் என்று சத்தியம் பண்ணலாம்.

அந்தக் கேசட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று முட்டத்திலிருந்து தூத்தூர் வரைக்கும் போய்விட்டது. தூத்தூரில் ஒரு கூட்டம், நம்ம ஊர்க்காரி ஒருத்தி சீமையில் அந்தக் கச்சேரிக்கே போயிருக்கிறாள் என்று வெகுநாள் நம்பியதாம். பையன்களுக்கு அது சிரிப்பு. எனக்கு இல்லை ஜிஷா. பஸ்ஸுக்கு நின்றால் ஒருத்தன் “சாளக்கறி” என்பான், மற்றவன் கூட்டம் கத்துகிற மாதிரி ஆவென்று ஊளையிடுவான். அதில் முன்னால் நிற்பவன் மாமாவின் கூட்டாளி கிளீட்டஸ். பிறகு காலேஜுக்குள்ளும் வந்துவிட்டது. வகுப்பில் எழுந்து பதில் சொல்ல வாயைத் திறந்தால் பின்பெஞ்சில் அதே ஊளை, வாத்தியாருக்குக்கூட உதடு துடிக்கும். பதில் தெரிந்தும் தெரியாது என்று சொல்லி உட்கார ஆரம்பித்தேன். அப்புறம் போவதையே நிறுத்தினேன். வீட்டில் தலைவலி என்றேன், அவர்களும் பெண்பிள்ளை படித்தது போதும் என்று விட்டுவிட்டார்கள். எத்தனை நாள் அழுதிருப்பேன் என்று உனக்குச் சொன்னால் நம்பமாட்டாய், இப்போது இந்த வாயைப் பார்க்கிறவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

உன் அப்பாவைக் கட்டியதற்கும் அந்தக் கேசட்தான் காரணம். பெண் பார்க்க வந்தபோது, இங்கிலீஷ் பாட்டு கேட்பீர்களா என்று நானே கேட்டேன். யேசுதாசன் என்கிற அந்த மலையோரத்து மாப்பிள்ளை யோசித்துப் பார்த்துவிட்டு, ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி கேட்பேன் என்றார். இந்த ஜில்லாவிலேயே என் சத்தத்தைக் கேட்காத ஆண்பிள்ளை ஒருத்தர் இருக்கிறாரே என்று அந்த நிமிஷமே தலையாட்டிவிட்டேன். தம்பியிடம் கல்யாணத்துக்கு ஒரே ஒரு பரிசுதான் கேட்டேன், அந்த இடத்தை அழித்துவிடு என்று. அழிக்கிறேன் அக்கா என்றான். ஒரு கேசட்டை அழித்தால் ஊரில் நூறு கிடக்கிறதே, பாவம் அவன் என்ன செய்வான். ஆனாலும் நான் விடவில்லை, ஒவ்வொரு திருவிழாவுக்கும் போகும்போது கேட்பேன்.

பாட்டின் மேல் அந்தப் பையன்களுக்கு இருந்த பக்தி என்ன ஆயிற்று என்று கேள். கொஞ்ச வருஷத்தில் டீக்கடை, பஸ், சவுண்ட் சர்வீஸ் என்று எல்லா இடத்திலும் அதுவே ஓட, இவர்களுக்கு வெட்கம் வந்துவிட்டது. எல்லாரும் கேட்கிற பாட்டை நாம் எப்படிக் கேட்பது, அது சின்னப் பிள்ளைகள் கேட்கிற பாட்டு என்று வேறு ஏதோ முரட்டுப் பாட்டுக்குப் போனார்கள். பிறகு ஒரு தியானக் கூட்டத்தில் பிரசங்கியார், அந்தக் கைத்தட்டல் நரகத்திலிருந்து வருகிற சத்தம் என்று சொல்ல, பாதிப்பேர் கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். யாரோ நாடாவை உருவி வயலில் கிளி விரட்டக் கட்டினார்கள், அந்தப் போகம் முழுக்கக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டு கிடந்தது. எனக்கு ஒரு கேசட் ஒழிந்தது என்று சந்தோஷம். அப்புறம் கிளீட்டஸ் ஷார்ஜா போனான், போய்ச் சேர்ந்த முதல் மாதமே ஆசைப்பட்டு அசல் கேசட்டை வாங்கினான். மூன்றாவது பாட்டில் சாளக்கறி இல்லை. இது டூப்ளிகேட், நடுவில் வெட்டியிருக்கிறீர்கள் என்று கடைக்காரனிடம் சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தானாம் அந்தப் புத்திசாலி.

இப்போது எல்லாரும் ஊர் திரும்பிவிட்டார்கள், தொப்பையும் வந்துவிட்டது, தலைக்குச் சாயமும் அடிக்கிறார்கள், பாட்டும் மறுபடியும் இனிக்க ஆரம்பித்துவிட்டது. அதுபோல ஒரு ரெக்கார்ட் உண்டாவென்று ஒருத்தரை ஒருத்தர் தட்டிக்கொடுக்கிறார்கள், நடுவில் திட்டினதெல்லாம் யாரோ வேறே ஆட்கள்போல. எங்கள் வீட்டில் பிடித்த அந்தக் கேசட்டுக்கு முப்பத்தைந்து வருஷமாகிறது என்று பங்குக் கோவில் ஹாலில் விழா வைத்தார்கள். வரமாட்டேன் என்றேன். தம்பி நேரில் வந்தான். “அக்கா, நீ கேட்டது செய்தாச்சு, எனக்க மொவன் கம்ப்யூட்டர்ல சரியாக்கிட்டான், ஒனக்க சத்தம் இனி அதுல இல்ல, எல்லாருக்கும் அந்த சிடிதான் குடுக்கப்போறோம், நீ வந்து வாங்கணும்” என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அசல் ரெக்கார்டிலிருந்து அந்த இடத்தை மட்டும் வெட்டி ஒட்டினானாம் பையன். நான் ஆசைப்பட்டது கிடைத்தால் போகாமல் இருப்பேனா, கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு போனேன், அப்பாவும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார்.

முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தம்பி மைக்கில் எல்லாருக்கும் விஷயத்தைச் சொன்னான், ஹாலில் யாருக்கும் பிடிக்கவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. எனக்கோ நிம்மதியாக இருந்தது. முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, எல்லாரும் தொடையில் தாளம் போட்டார்கள், ஜிஷா, உள்ளதைச் சொன்னால் நல்ல பாட்டுத்தான் அது, நான் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன். மூன்றாவது பாட்டு வந்தது. கிட்டார்க்காரன் நிறுத்தினான். கூட்டம் அடங்கியது. அந்த இடம் சும்மா கிடந்தது. ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. பத்தொன்பது வயதில் அந்த வீட்டில் நான் என்று ஒருத்தி இருந்ததற்கு அது ஒன்றுதான் மிச்சம், அதையும் துடைத்து வைத்திருக்கிறான் பாவி என்று தோன்றியதுதான் தெரியும், எழுந்து நின்றுவிட்டேன். “லே ரோஸு, எங்கலே எனக்க சத்தம்!” என்று நான் கத்தவும், கிட்டார்க்காரன் தட்டவும் சரியாக இருந்தது. சிடியில் அந்த ஊர் ஜனமும் ஹாலில் நம் ஊர் ஜனமும் சேர்ந்து கத்தினதில் அப்பா காதைப் பொத்திக்கொண்டார். வெளியே வந்ததும், இவ்வளவு சத்தம் உனக்கு இருப்பது எனக்குத் தெரியாதே என்று கேட்கிறார்.

தம்பி சிடிகளை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் பழைய கேசட்டையே போட்டான். முடிந்ததும் எல்லாரும் தங்கள் கேசட் அட்டையோடும் பேனாவோடும் என் முன்னால் வரிசையில் நின்றுவிட்டார்கள், கையெழுத்து வேண்டுமாம். முதல் ஆள் கிளீட்டஸ். அக்கா, பெயரைத் தெளிவாகப் போடுங்கள் என்றான். வேளாங்கண்ணி என்று எழுதி அதற்குக் கீழே பி.ஏ. இரண்டாம் வருஷம் என்று எழுதிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கினவன், “இதென்னக்கா, இப்பவும் ரெண்டாம் வருசம்?” என்று கேட்டான். “மூணாம் வருசம் நான் போவல்லியே மக்கா” என்றேன். அவன் அட்டையை மடக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான், பின்னால் நிற்பவர்கள் தள்ளியும் நகரவில்லை. நானாகத்தான் அவனை ஓரமாக நிற்கச் சொன்னேன். மிச்சம் இருந்த அத்தனை பேருக்கும் அப்படியே எழுதிக் கொடுத்தேன், ஒரு எழுத்துக் குறைக்கவில்லை. யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

குளிருக்குக் காதை மூடாமல் வேலைக்குப் போகாதே, பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதே, மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல். அந்தோணியாரும் மாதாவும் உங்கள் நால்வரையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். சிப்ஸ் டப்பாவை உடனே திருப்பி அனுப்பு, அது பக்கத்து வீட்டு நேசபாயின் டப்பா.

உன் மேல் உயிரை வைத்திருக்கும் அம்மா,
வேளாங்கண்ணி